கிரெனோபிள் விடுதியில் டாரோ ஆடக் கற்றுக்கொண்டேன்

மேற்படிப்புக்காகப் பிரான்சுக்குப் போன முதல் குளிர்காலம் அது. ஒரு ராத்திரி, விடுதிச் சமையலறையில் வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். "நாலாவது கை இல்லை, வர்றியா?" என்று கூப்பிட்டார்கள். கட்டைப் பார்த்ததும் தயங்கினேன். டாரோ என்றால் குறி சொல்கிற சீட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்களுக்கோ அது தாத்தா பாட்டியோடு ஆடிப் பழகிய ஆட்டம். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடுவதற்காகவே உருவான கட்டு இது. குறி பார்க்கிற பழக்கம் பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான்.

வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன் என்பதால் சீக்கிரம் பிடிபட்டது. மொத்தம் 78 சீட்டு. மும்மூன்றாகப் போட்டு ஆளுக்கு 18. நடுவில் மிஞ்சும் 6 சீட்டுக்கு 'நாய்' என்று பெயர். ஏலத்தில் எடுத்தவர் தனி ஆள், மற்ற மூவரும் அவருக்கு எதிரணி. துருப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. 1 முதல் 21 வரை எண் போட்ட சீட்டுகள் எப்போதும் துருப்புதான். துருப்பு இறக்கும்போது, கையில் இருந்தால் முந்தையதைவிடப் பெரியதாகத்தான் போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளிக் கணக்கு. கட்டில் மொத்தம் 91 புள்ளி. துருப்பில் 21, 1, அப்புறம் எக்ஸ்கியூஸ் என்கிற எண் இல்லாத கோமாளிச் சீட்டு ஆகிய மூன்றும் தனிச் சிறப்புள்ளவை. எடுத்தவரிடம் அவற்றில் ஒன்றுகூடச் சேராவிட்டால் ஜெயிக்க 56 புள்ளி வேண்டும். ஒன்று என்றால் 51, இரண்டு என்றால் 41, மூன்றும் இருந்தால் 36 போதும். அதனால்தான் எல்லோரும் 1-ஐத் துரத்துவார்கள். அதைவிடச் சின்னத் துருப்பு வேறில்லை, ஆனால் மதிப்பு ராஜாவுக்குச் சமம்.

அன்று அந்த 1 என் கையில் வந்தது. முதல் சுற்றிலேயே ஆட்டின் (ஹார்ட்) சீட்டு இறங்கியது. என்னிடம் ஆட்டின் இல்லை. அப்போதே 1-ஐப் போட்டு வெட்டியிருந்தால் பிழைத்திருக்கும், வேறு யாரும் வெட்டவில்லை. நான் 13-ஐப் போட்டேன். அப்புறம் எடுத்தவர் 20, 19, 18 என்று துருப்பாகவே இறக்கிக்கொண்டு வந்தார். என் 4 போயிற்று, 9 போயிற்று, மூன்றாவதாக அந்த 1-ஐத்தான் மேசையில் வைக்க வேண்டியிருந்தது. அந்த மூன்றில் அதுவரை அவரிடம் 21 மட்டும்தான் இருந்தது, இப்போது என் 1-உம் சேர்ந்தது. 51 தேவைப்பட்ட இடத்தில் 41 போதுமானது. 44-இல் ஜெயித்தார்.

அந்த ராத்திரியிலிருந்து விழுகிற ஒவ்வொரு துருப்பையும் மனதில் எண்ணிக்கொண்டே ஆடினேன். மார்ச் மாதம் ஒரு ஆட்டத்தில், மற்ற 20 துருப்பும் விழுந்துவிட்டன என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, கடைசிச் சுற்றை 1-ஐ இறக்கிப் பிடித்தேன். அதற்குத் தனியாக 10 புள்ளி உண்டு. எதிரில் இருந்தவர் எழுந்து வந்து கை குலுக்கினார்.