ஆரம்பாக்கம் பக்கம் தொடக்கப் பள்ளி, 60 பிள்ளைகள், ஒரு மணி நேரம்: என்ன காட்டலாம்?

ஏரிக்கரை:
வணக்கம். ஜனவரி நடுவில் நாலு பேர் பழவேற்காடு ஏரி, நேலப்பட்டு சரணாலயத்தில் பறவை பார்க்க வருகிறோம். ஆந்திர எல்லையோரப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளிடம் பறவைகளைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். 3 முதல் 5ஆம் வகுப்பு, பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. புரொஜெக்டர் இல்லை. 8×42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. முன் லென்ஸ்) பைனாகுலர் இரண்டு, ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி) ஒன்று இருக்கிறது. எப்படி நடத்துவது?

கரிச்சான்:
முதலில் தேதியைப் பாருங்கள் சார். ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை, பள்ளி பூட்டியிருக்கும். 20க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

60 பேருக்கு ஆளுக்கு 20 விநாடி ஸ்கோப் காட்டினாலே 20 நிமிடம் ஓடிவிடும். அதனால் மூன்று குழுவாகப் பிரித்துச் சுற்றில் விடுங்கள்: ஸ்கோப், பைனாகுலர், தரையில் செய்துபார்க்கும் வேலை. நாலாவது ஆள் வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்கோப்பை 20 மடங்கிலேயே வையுங்கள். பெருக்கினால் இருட்டாகும், சின்ன அசைவுக்கும் படம் ஓடிவிடும். கண் வைக்கும் இடம் தரையிலிருந்து மூன்றரை அடி. முக்காலியின் நடுக்கொக்கியில் மணல் பை தொங்கவிட்டு, சுற்றிச் சாக்பீஸ் கோடு போடுங்கள். உள்ளே வருகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பார்த்தவுடன் குழாயைப் பிடிப்பார்கள், அடுத்தவருக்கு வெறும் வானம்தான் தெரியும். பறக்கும் பறவை வேண்டாம். செல்போன் கோபுரத்தில் உட்கார்ந்த பருந்து போதும்.

பைனாகுலரில் வேறு சிக்கல். பெரும்பாலான 8×42 கருவிகளில் இரண்டு குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடங்காது. பல பிள்ளைகளின் கண்மணி இடைவெளி அதைவிடக் குறைவு. இரண்டு வட்டம் தெரிகிறது என்பார்கள். அவர்களை ஒரு குழாயில் ஒற்றைக் கண்ணால் பார்க்க விடுங்கள். கண்ணாடி போட்டவருக்குக் கண் வைக்கும் இடத்து ரப்பர் குவளையைக் கீழே இறக்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் யாரும் திரும்பவே கூடாது. முதுகு வெயிலுக்கு இருக்கும்படி நிற்க வையுங்கள்.

உப்பங்கழி:
தரை வேலைக்குப் பூநாரையை (ஃபிளமிங்கோ) எடுங்கள். ஒரு பேசினில் தண்ணீர், இரண்டு கைப்பிடி வண்டல், ஒரு ஸ்பூன் கேழ்வரகு. பிள்ளை டீ வடிகட்டியால் அள்ளட்டும்: சேறு வழிந்துவிடும், கேழ்வரகு நிற்கும். பூநாரையின் அலகு ஓரத்தில் இருக்கும் சீப்புப் பல் செய்வது இதைத்தான். தலையைக் கவிழ்த்து வைத்து, நாக்கைப் பம்பு மாதிரி அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. மணல் வேண்டாம், வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

நாலரை அடிக் கயிற்றை நிறுத்திப் பிடித்தால் பெரும் பூநாரையின் உயரம். ‘முட்டி ஏன் பின்னால் மடங்குது?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அது கணுக்கால், முட்டி இறகுக்குள் இருக்கிறது. சிவப்பு நிறம் தீனியிலிருந்து வருவதையும், குஞ்சு சாம்பலாக இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெயர்களை நீங்கள் சொல்வதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். ஒருவன் கூழைக்கடா என்பான், பக்கத்தில் இருப்பவன் அதையே தெலுங்கில் கூடபாத்து என்பான். இரண்டையும் பலகையில் எழுதுங்கள். பூநாரைக்குத் தெலுங்கில் ராஜஹம்ஸ. ஏரியில் வலை போடும் வீட்டுப் பிள்ளைக்கு எது எப்போது வரும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் கொக்கு சாப்பிடுவோம் என்று ஒருவன் சொன்னால் திட்டிவிடாதீர்கள். அதோடு வகுப்பே வாயை மூடிக்கொள்ளும்.

காட்டுவதற்கு முட்டை, கூடு எதுவும் கொண்டுபோக வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். போனில் குரல் போட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம், பிள்ளைகள் மறுநாளே செய்துபார்ப்பார்கள்.

ஏரிக்கரை:
நன்றி. பள்ளி ஏரியின் மேற்குக் கரை பக்கம்தான். காலை பத்து மணிக்கு ஏரிக்கே கூட்டிப்போனால்?

கரிச்சான்:
வேண்டாம் சார். மேற்குக் கரையிலிருந்து காலையில் கிழக்கே பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்கும், பறவை எல்லாம் கறுப்பு நிழல்தான். பத்துக்கு மேல் கானல் எழும்பி ஸ்கோப்பில் பூநாரை நெளியும். மாலை நாலு மணிக்கு மேல் வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும், ஆனால் பள்ளி விட்டுவிடுவார்கள். பெற்றோர் சம்மதம், தண்ணீரோரம் இரண்டு ஆசிரியர் காவல் இல்லாமல் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.

உங்கள் சொந்தப் பார்வைக்கு ஒன்று: சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் கிழக்கு மேற்காக வெட்டிப்போகிறது. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வடக்குப் பக்கம் பாருங்கள்.