மழை பெய்தால் நின்றுவிடும் பழைய கார்: கோளாறு எங்கே?

வணக்கம். என்னிடம் 1997 மாடல் கார் இருக்கிறது. 3 சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) என்றாலே புரிந்திருக்கும், மாருதி 800தான். வெயிலில் எந்தக் குறையும் இல்லை. மழை வந்தால்தான் வம்பு.

போன வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது நல்ல மழை. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்து, இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. மழை விட்டதும் பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது!

மெக்கானிக் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டார், பிளக்குகளும் புதிது. பலனில்லை. டேங்கில் தண்ணீர் இருந்தால் வெயிலிலும் இருமுமே? நேற்று இரவு இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் நீலமாகப் பொறி ஓடியது. அப்புறம் எஞ்சினும் தடுமாறியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஈரம், மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடும் தெரிகிறது. அது விரிசலா, வெறும் கரியா?

மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் மாற்றினால் போதுமா, இல்லை வயர், காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? கோயம்புத்தூரில் தரமான மூடி எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலை ஏற வேண்டும்.