புயலின் கண்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

மோக்கா, மொரீசியஸ்

புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, தலைக்கு மேல் வரும்போது காற்று நின்றுவிடும் என்பதைப் பலரும் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். நின்ற காற்று மறுபடியும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை அறிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. உயிரைக் காப்பது அந்த அறிவுதான் என்பதால், நான் கண்டதையும் அதற்கான காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1975ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் ஜெர்வேஸ் புயல் எங்கள் தீவைக் கடந்தபோது நான் தொடக்கப் பள்ளி மாணவன். அன்று மோன் தேசேர் அல்மாவில் பதிவான காற்றுவீச்சு மணிக்கு 280 கி.மீ. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 140 கி.மீ. காற்றைவிட 280 கி.மீ. காற்று நான்கு மடங்கு வலிமையோடு தள்ளும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 370 கிலோ எடையின் அழுத்தம் வருகிறது; அதாவது, இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் முக்கால் டன் சுமை சாய்ந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் சாலைப் பக்கக் கதவுக்குக் குறுக்கே மரச்சட்டம் அடித்து, அதன் மேல் அலமாரியையும் நகர்த்தி வைத்திருந்தார் அப்பா. அப்படியும் ஒவ்வொரு வீச்சின்போதும் பலகைகள் உட்புறம் வளைந்து மீண்டதைக் கண்ணால் பார்த்தேன். கதவிடுக்கு வழியாக மழைநீர் கோடு கோடாகப் பீறிட்டு எதிர்ச்சுவரில் போய் அடித்தது.

பிறகு எல்லாம் அடங்கியது. இலைகூட அசையவில்லை. காதுக்குள் அடைப்பது போல் இருந்தது என்று அம்மா சொன்னார். அதற்கும் காரணம் உண்டு. கடல் மட்டத்தில் சராசரியாக 1,013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் வலுவான புயலின் நடுவே 950 அளவுக்கு இறங்கும். போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் மேட்டுக்குப் பேருந்தில் ஏறும்போது குறையும் அழுத்தமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இங்கே நாம் இருந்த இடத்திலேயே இருக்க, அழுத்தம் மட்டும் இறங்கிவிடுகிறது.

அக்கம்பக்கத்தார் வெளியே வந்து, பறந்துபோன தகரங்களைத் தேடத் தொடங்கினார்கள். அப்பா அவர்களைக் கெஞ்சாத குறையாக உள்ளே அனுப்பிவிட்டு, அதுவரை பாதுகாப்பாக இருந்த பின்கட்டிலிருந்து எங்களை முன்னறைக்கு மாற்றினார். அலமாரியும் பின்கதவுக்குப் போனது. காற்று திரும்பி வந்தபோது, அவர் சொன்னபடியே நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. படிப்படியாக ஏறி வரவில்லை. வந்தபோதே முழு வேகத்தோடு வந்தது. மறுநாள் தோட்டத்தில் போய்ப் பார்த்தால், முதற்பாதியில் சாய்ந்த கரும்பின் மேலேயே, எதிர்த்திசையில் சாய்ந்த கரும்பு குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது.

அப்பா எப்படி அறிந்தார் என்பதற்கு விடை புவியின் சுழற்சியில் இருக்கிறது. தாழ்வழுத்தத்தை நோக்கிப் பாயும் காற்றைப் புவிச்சுழற்சி தென்கோளத்தில் இடப்புறம் விலக்குவதால், இங்கே புயல் கடிகார முள்ளின் திசையிலேயே சுழல்கிறது. தமிழ்நாட்டைத் தாக்கும் வங்கக் கடல் புயல்கள் இதற்கு நேர்மாறாகச் சுழல்பவை. ஆகவே மொரீசியஸில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்; நாகப்பட்டினத்தில் நின்றால் இடக்கைப் பக்கம் இருக்கும். நம் புயல்கள் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், முதலில் தென்கிழக்குக் காற்று வீசும். கண் கடந்ததும் வடமேற்குக் காற்று வரும். காற்று நேர்வட்டமாகச் சுற்றாமல் உள்நோக்கிச் சுருண்டு போவதால், மையம் வலக்கைக்குச் சற்று முன்னால் இருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தச் சுருளை விளக்கியவர்களில் ஒருவர், 1851இல் இங்கே வானிலைக் கழகம் தொடங்கக் காரணமாக இருந்தவரும், பின்னாளில் பாம்பிள்மூஸ் வானாய்வகத்தை நடத்தியவருமான சார்ல்ஸ் மெல்ட்ரம். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டே அவர் அதைக் கண்டறிந்தார். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கண்ணுக்குள் அமைதி ஏன்? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றி, கயிற்றை உள்ளே இழுத்துக் குறுக்கக் குறுக்கக் கல் வேகம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வரும் காற்றும் அப்படியே வேகம் கூடி, ஓர் எல்லைக்கு மேல் மையத்தை நெருங்க முடியாமல் மேலே எழும்பி, கண்ணைச் சுற்றி ஒரு சுவர்போல் நிற்கிறது. அந்தச் சுவருக்குள்ளே காற்று மெதுவாகக் கீழிறங்குகிறது. இறங்கும்போது அழுத்தப்பட்டு வெப்பமடைவதால் மேகம் கலைகிறது. வானம் திறப்பது இதனால்தான். கடும் காற்று சூழ்ந்த சுவரை விட்டு நாம் வெளியேறிவிட்டோம் என்று அதற்குப் பொருளில்லை. சுவரின் மறுபாதி இன்னும் கடக்க வேண்டியிருக்கிறது.

1892 ஏப்ரல் 29 அன்று, புயல் பருவம் முடிந்துவிட்டதென்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில், போர்ட் லூயிஸைத் தாக்கிய புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தைப்பூசக் காவடிக் காலம் புயல் பருவத்தின் நடுவிலேயே வருவதால், ஒவ்வோர் ஆண்டும் கோயிலில் கூடும் பிள்ளைகளிடம் நான் இந்த வலக்கை விதியைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

சேன் லூயி, ரீயூனியன்

மோக்கா அன்பருக்கு நன்றி. எங்கள் அனுபவம் வேறு வகையானது. கண்ணை நாங்கள் பார்க்கவே இல்லை. 2007 பெப்ரவரி இறுதியில் காமேட் புயலின் மையம் எங்கள் தீவிலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பாலேயே நின்றது. இருந்தும் மலைமேல் கொம்மெர்சோனில் 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சேன் எத்தியேன் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது அப்போதுதான். ஆற்றின் இரைச்சலுக்கு அடியில் பாறைகள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசை தனியாகக் கேட்டது; கரையில் நின்ற எங்கள் பாதங்களில் அந்த அதிர்வு ஏறியது.

காரணம் மலை. 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பித்தோன் தெ நேஜ் முதலான மலைகளில் ஈரக்காற்று மோதி மேலே ஏறும்போது, விரிவடைந்து குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. 1966 ஜனவரியில் தெனிஸ் புயலின்போது ஃபோக் ஃபோக்கில் 24 மணி நேரத்தில் பெய்த 1,825 மில்லிமீட்டர் இன்றளவும் உலகச் சாதனை. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம்.

ஒரு கேள்வி. புயல் வருவதற்கு முன்னரே, வெயில் காயும் நாளில், கடல் கனத்துப் புரள்வதை எங்கள் மீனவர்கள் சொல்வார்கள். காற்றே இல்லாமல் அலை எப்படி வருகிறது?

மோக்கா, மொரீசியஸ்

அந்த அலை உங்கள் கரையில் பிறந்ததன்று. ஆழ்கடலில், நீண்ட அலைகள் குறுகிய அலைகளைவிட விரைவாகப் பயணம் செய்யும். 12 வினாடிக்கு ஒருமுறை எழும் அலைக்கூட்டம் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் நகரும். புயலோ பெரும்பாலும் 15, 20 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. ஆகவே அலைகள் புயலை முந்திக்கொண்டு வந்துவிடுகின்றன. அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு இடையே எத்தனை வினாடி என்று உங்கள் மீனவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வழக்கமாக எட்டு, ஒன்பது வினாடியாக இருக்கும் கரையில் அது பன்னிரண்டு, பதினான்கு என்று நீண்டால், தொலைவில் எங்கோ பெருங்காற்று வீசியிருக்கிறது. வானொலியைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரம் அது.