ஒஸ்மாந்தஸுக்குக் ‘கணுமல்லி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒஸ்மாந்தஸ் ஃபிராக்ரன்ஸ் என்ற மணச்செடிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் நான்கு பெயர்கள் வந்துவிட்டன. எதை எடுத்தாலும் ஓரிடத்தில் இடிக்கிறது.

“தேயிலை ஆலிவ்”: இது ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதியது. ஆலிவும் இதுவும் ஒரே குடும்பம்தான். காயும் கருநீலமாக ஆலிவைப் போலவே இருக்கும். ஆனால் இதைக் காய்க்காக யாரும் நடுவதில்லை. பூவுக்குத்தான் எல்லாம்.

“இலவங்கப்பூ”: இது ஆபத்தான பெயர். சீனத்தில் ‘குய்’ என்ற எழுத்து இலவங்கப்பட்டை மரத்துக்கும் இந்தச் செடிக்கும் பொது. பூ என்று பொருள்படும் ‘ஹுவா’ சேர்ந்து ‘குய்ஹுவா’ என்றால் இந்தப் பூ. எழுத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தவர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். சமையல் குறிப்பில் “இலவங்கப்பூ 10 கிராம்” என்று அச்சாகிவிட்டால் படிப்பவர் கிராம்பை அள்ளிப் போடுவார்.

“பொன்மணப்பூ”: கேட்க இனிமை. ஆனால் சீனத் தோட்டக்காரர்கள் இதை நான்காகப் பிரிக்கிறார்கள்: பொன்னிற ஜின்குய், வெளிர்நிற யின்குய், செம்மஞ்சள் டான்குய், அடிக்கடி பூக்கும் சிஜிகுய். பொதுப்பெயரிலேயே பொன் வந்துவிட்டால் வெளிர்நிற வகையை என்ன சொல்லி அழைப்பது?

“நறைப்பூ”: நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். நறை என்றால் மணம், தேன். ஆனால் பேச்சில் ர, ற வேறுபாடு பலரிடம் இல்லை. வெளிர்நிற வகைக்கு ‘வெண்ணறை’ என்று வைத்தால் காதில் நரைமுடிதான் விழும்.

1790-இல் தாவரவியலாளர் லொரெய்ரோ இட்ட ‘ஒஸ்மாந்தஸ்’ என்ற பேரினப் பெயருக்குப் பொருளே ‘மணப்பூ’தான். அதைத் தமிழாக்கினால் எந்தப் பூவையும் குறிக்கும். எனவே செடியின் உருவத்திலிருந்து தொடங்கலாம். ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். தடித்த இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டு. ஒவ்வொரு இலைக்கோணத்திலும் ஒரு கொத்து. தனிப்பூ கொத்துமல்லி விதையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மெழுகு பூசினாற்போல நான்கு மடல், உள்ளே இரண்டே மகரந்தத்தாள். மல்லிகைக்கும் பவழமல்லிக்கும் இதே இரண்டுதான், மூன்றும் ஒரே குடும்பம். கணுவுக்குக் கணு பூப்பதால் ‘கணுமல்லி’ என்று முன்வைக்கிறேன்.

-----

ஐயா, வணக்கம். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே சீன உணவகங்களில் இந்தப் பூ மிதக்கும் ஜெல்லி சாதாரணம். அதைத் தமிழில் சொல்ல ஒரு பெயர் இல்லாத குறை தினமும் தெரிகிறது.

> மூன்றும் ஒரே குடும்பம்

குடும்பம் சரி, குணம் வேறு. மல்லி என்று பெயர் வைத்தால் மல்லியைப் போலக் கையாளத் தோன்றும். மல்லிகையை மொட்டாகப் பறிக்கிறோம். அது இரவில் விரியும்போதுதான் மணம் பிறக்கிறது. காய்ந்தால் மணமும் போய்விடும். மல்லிகைத் தேநீர் செய்பவர்கள் பூவைச் சல்லடையில் வெளியேற்றிவிடுவது அதனால்தான்.

இந்தப் பூவின் மணம் மடலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. உலர்ந்த பிறகும் மணக்கும், நம் மகிழம்பூவைப் போல. அதனால் தேநீரில் பூவையும் விட்டுவைக்கலாம். 100 கிலோ இலைக்குச் சுமார் 25 கிலோ புதுப்பூ. மாற்றி மாற்றி அடுக்கிக் குவித்து, உள்ளே சூடேறும்போது புரட்டிவிட வேண்டும். புரட்டத் தவறினால் பூ வெந்து, தேநீரில் புளித்த வாடை ஏறும். பூவின் ஈரத்தை இலை குடித்துவிடுவதால் கடைசியில் மறுபடி உலர்த்தியாக வேண்டும்.

சீனத் தேயிலைத் தொழிலில் இந்த இருவகைப் பூக்களுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நமக்கும் வேண்டும். விரியும்போது பிறக்கும் மணத்துக்கு ‘அலர்மணம்’, மடலில் நிற்கும் மணத்துக்குத் ‘தங்குமணம்’ என்று சொல்லலாமா? அப்படியானால் மல்லிகை அலர்மணப் பூ. மகிழம்பூவும் இதுவும் தங்குமணப் பூ. இந்த வேறுபாட்டைக் காட்டவே ‘கணுமகிழ்’ என்ற பெயரை நான் நினைத்தேன்.

சர்க்கரையில் பதப்படுத்தும்போது கெடுவது மூன்று இடங்களில். ஒன்று, பறிக்கும் நேரம். பூ விரிந்து சில நாளே நிற்கும். மழைக்கு முன், காலையிலேயே மரத்தடியில் துணி விரித்து உலுக்க வேண்டும். இரண்டு, காம்பு. பொறுமையாக ஆய்ந்து எடுக்காவிட்டால் கசக்கும். மூன்று, நிறம். பறித்த பூவை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். சீனாவின் ஹாங்சோ நகரப் பக்கத்து வழக்கப்படி, புளிப்பான பச்சைப் பிளம் காயை உப்பிட்டு, அது விடும் நீரில் பூவை ஊறவைக்கிறார்கள். அந்தப் புளிப்பும் உப்பும் நிறத்தைப் பிடித்து வைக்கின்றன. பிறகு பிழிந்து, பூ ஒரு பங்குக்குச் சர்க்கரை இரண்டு பங்கு, அடுக்கி அழுத்தி மூட வேண்டும். ஈரம் மிஞ்சினால் நுரைத்துப் புளித்துவிடும்.

-----

அம்மா, தங்குமணம், அலர்மணம் இரண்டும் அருமை. அப்படியே ஏற்கலாம். வாசனைத் தொழிலுக்கும் பொருந்தும்: பழுத்த ஆப்ரிகாட் மணத்தைத் தரும் பீட்டா அயோனோன், காமா டெக்கலாக்டோன் போன்ற வேதிப்பொருள்கள் எல்லாம் மடலில்தான் இருக்கின்றன. நீராவியில் வடித்தால் மணம் சிதைவதால் கரைப்பானில் இறக்குகிறார்கள்.

ஆனால் செடிக்குக் கணுமகிழ் வேண்டாம். நாற்றங்காலில் பெயர் தவறானால் ஒட்டும் தவறும். மகிழ் வேறு குடும்பம். ‘கணுமகிழ்’ என்று எழுதிய செடியை யாராவது மகிழ மரத்தில் ஒட்டிப் பார்ப்பார்கள், பிடிக்கவே பிடிக்காது. இதற்கு வேர்ச்செடி (ஒட்டின் அடிப்பகுதியாக நிற்பது) லிகஸ்ட்ரம், அதுவும் மல்லிகைக் குடும்பம். ஒட்டு எளிதில் பிடிக்கும். சிக்கல் பின்னால்தான் வரும். மேல்பகுதி பருத்து, கீழே வேர்ச்செடி மெலிந்தே நின்று, பல ஆண்டு கழித்துக் காற்றில் ஒட்டிடத்திலேயே முறியும். அதனால் நடும்போது ஒட்டிடத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மேல்பகுதி தன் வேரை விட்டுக்கொள்ளும்.

இந்தத் தொல்லை வேண்டாமென்றால் குச்சி. அந்த ஆண்டுத் தளிர் பாதி முற்றியதும் 8 முதல் 10 செ.மீ. நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, வேர் ஊக்கியில் தொட்டு, மணலும் பெர்லைட்டும் கலந்த பாத்தியில் நிழலில் ஊன்றலாம். இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் பிடுங்கிப் பார்த்தால் புது வேர் அறுந்துவிடும். விதையை நம்பினால் பூவுக்குப் பத்தாண்டும் ஆகலாம். ஜப்பானின் செம்மஞ்சள் வகையான கின்மோகுசெய்யில் ஆண் செடிகள் மட்டுமே பரவியிருப்பதால் அங்கே விதைக்கே வழியில்லை.

“தழைக்கிறது, பூக்கவில்லை” என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் கத்தரிப்பதுதான் காரணம். மொட்டு கோடையிலேயே உருவாகி, இலையுதிர்காலத்தில் இரவு குளிர்ந்ததும் விரிகிறது. கோடையில் வேலியாகக் கத்தரித்தால் அந்த ஆண்டுப் பூ போச்சு. பூத்து முடிந்ததும், அல்லது வசந்தத் தளிருக்கு முன் கத்தரிக்கலாம். அடுத்த காரணம் தேங்கும் நீர். இலைநுனி கருகுவதுதான் முதல் அறிகுறி. சற்றே அமிலத்தன்மையுள்ள, வடியும் மண் வேண்டும்.

இமயமலைப் பகுதியான குமாவுனில் இதன் பெயர் ‘சிலங்’. துணிகளில் பூச்சி வராமலிருக்க இந்தப் பூவைப் போட்டு வைப்பார்கள். இந்திய வழக்குப்பெயர் என்பதால் அகராதியில் இணைப்பெயராக அவசியம் குறிக்கலாம். ஆனால் ங் என்று முடியும் சொல் தமிழில் நிற்காது. பொதுப்பெயர் கணுமல்லியாகவே இருக்கட்டும். அடிக்கடி பூக்கும் வகைக்கு ‘நித்தியக் கணுமல்லி’. நித்தியமல்லி, நித்தியகல்யாணி எல்லாம் பழகிய பெயர்கள்தானே. செம்மஞ்சள் வகை ‘செங்கணுமல்லி’.

-----

இருவருக்கும் நன்றி. கணுமல்லி, தங்குமணம், அலர்மணம் மூன்றையும் குழுவின் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். ஒரே ஒரு திருத்தம். ‘செங்கணுமல்லி’ என்றால் சிவப்பு கணுவுக்குப் போய்விடுகிறது; நிறம் பூவுக்குத்தான். எனவே செம்பூக் கணுமல்லி, வெண்பூக் கணுமல்லி, பொற்பூக் கணுமல்லி என்று எழுதுகிறேன்.