சைட்டில் ‘லிஃப்ட்’ என்றால் எந்த லிஃப்ட்? (அனுபவப் பகிர்வு)

ஈசூன் வாசி:
சிங்கப்பூர்க் கட்டுமான சைட்டுகளுக்கு வொர்க் பெர்மிட்டில் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக இதைத் தொடங்குகிறேன். ஊரில் லிஃப்ட் என்றால் ஜவுளிக்கடையில் ஏறுவது, இல்லாவிட்டால் பைக்கில் தொற்றிக்கொள்வது. இங்கே டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) முடிவதற்குள் அதே சொல் நாலு பொருளில் வந்துவிடும். உங்கள் வேலையில் அது என்ன, எங்கே குழம்புகிறார்கள் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

துவாஸ் ரிக்கர்:
கிரேனில் சுமை கட்டும் எங்களுக்கு லிஃப்ட் என்றால் ஒரு தூக்கு. சுமை கொக்கியில் ஏறி, போய் இறங்கி, ஸ்லிங் (சுமையைக் கட்டும் வடம்) கழன்றால் ஒரு லிஃப்ட் முடிந்தது. 2011-இல் வந்த கிரேன் விதிமுறைப்படி லிஃப்டிங் பிளான் இல்லாமல் தூக்கக் கூடாது. லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் மூவரும் இருக்க வேண்டும். பிளானில் முதலில் பார்க்க வேண்டியது சுமையின் எடையும், கிரேனிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதும். கிரேன் மேல் ‘50 டன்’ என்று எழுதியிருப்பது பூமை (கிரேனின் நீண்ட கையை) கிட்டத்தில் வைத்துத் தூக்கும்போதுதான். எட்டிப் போகப் போக அது சரசரவென்று குறையும். லோடு சார்ட்டை (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணையை) பார்க்காமல் யாரும் வாயால் சொல்லும் டன்னை நம்ப வேண்டாம்.

அடுத்தது ஸ்லிங் கோணம். 2 டன் சுமை, இரண்டு கால் ஸ்லிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் நேர் செங்குத்தாக இருந்தால் காலுக்கு 1 டன். இரண்டுக்கும் நடுவே 60 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு காலிலும் 1.15 டன், 90 டிகிரியில் 1.41, 120 டிகிரியில் முழுசாக 2 டன். “ரெண்டு ஸ்லிங் இருக்கே, பாதிப் பாதிதானே” என்று நினைப்பவர்கள் குட்டை ஸ்லிங்கைப் போட்டு அகல விரிப்பார்கள், அறுவது அங்கேதான். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கிவிட்டு ஸ்லிங்கை மாற்றிக் கட்டுங்கள், கையால் தள்ளி நேராக்கப் போகாதீர்கள்.

வாக்கி டாக்கியில் ‘லிஃப்ட்’ என்ற சொல்லே வரக் கூடாது என்பது என் கட்சி. கிரேன் ஓட்டுபவர் சீனராக இருப்பார், சிக்னல்மேன் பங்களாதேஷ்காரர், நடுவில் நாம். “லிஃப்ட் ஓக்கே” என்றால் தூக்கு என்கிறாரா, ஹாய்ஸ்ட் (ஆளும் சாமானும் ஏற்றும் சைட் மின்தூக்கி) வந்துவிட்டது என்கிறாரா? ‘அப்’, ‘டவுன்’, ‘ஸ்டாப்’ என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கச் சொல்வது சிக்னல்மேன் மட்டும். ‘ஸ்டாப்’ மட்டும் யார் சொன்னாலும் கிரேன் நிற்க வேண்டும்.

சாரம் கட்டுபவர், பொங்கோல்:
எங்கள் லிஃப்ட் நகராது! சாரத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள உயரம்தான் ஒரு லிஃப்ட். பிரேம் சாரத்தில் (ஆயத்தச் சட்டங்களை அடுக்கிக் கட்டுவது) ஒரு பிரேம், பெரும்பாலும் 1.7 மீட்டர்.

குழப்பம் இங்கே: “அஞ்சாவது லிஃப்ட்டில் பலகை போடு” என்றால் புதியவர் அஞ்சாவது மாடிக்குப் போய் நிற்பார். 1.7 மீட்டர் வீதம் ஐந்து லிஃப்ட் 8.5 மீட்டர். மாடிக்கு 2.8 மீட்டர் வைத்தால் அது மூன்று மாடி உயரம். தரைத்தளமே லெவல் 1 என்று எண்ணும் இந்த ஊரில், அது லெவல் 4-இன் தளமட்டம். லிஃப்ட் எண்ணை மார்க்கரால் கம்பத்தில் எழுதிவிடுங்கள், சண்டையே வராது.

4 மீட்டரைத் தாண்டும் சாரத்தை அங்கீகாரம் பெற்ற கான்ட்ராக்டர்தான் கட்ட வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறையாவது சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏறும் இடத்தில் தொங்கும் பரிசோதனை டேக்கின் தேதி பழசாக இருந்தால் ஏறாதீர்கள்.

காங்கிரீட் கை:
சுவர், தூண் ஊற்றும்போது ஒரே மூச்சில் ஊற்றும் உயரம் எங்களுக்கு ஒரு லிஃப்ட். 3 மீட்டர் லிஃப்ட்டை மடமடவென்று நிரப்பினால் அடியில் ஃபார்ம்வொர்க்குக்கு (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சுக்கு) ஒரு சதுர மீட்டருக்கு 72 கிலோநியூட்டன், அதாவது ஏழு டன்னுக்கு மேல் அழுத்தம். டை ராட் (இரு பக்கப் பலகையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பி) தெறிப்பதும் பலகை வயிறு தள்ளுவதும் கீழ்ப்பகுதியில்தான். அரை மீட்டர் அடுக்காகப் போடுங்கள். வைப்ரேட்டர் (காங்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் கருவி) ஊசி கீழ் அடுக்குக்குள்ளும் 10 முதல் 15 செ.மீ. இறங்க வேண்டும்.

ரொம்ப மெதுவாகப் போவதும் ஆபத்து. இங்குள்ள வெயிலில் லாரி தாமதமானால் கீழ் அடுக்கு இறுகி கோல்டு ஜாயின்ட் (இரண்டு அடுக்கும் ஒட்டாத கோடு) விழும், பிறகு அந்தக் கோட்டு வழியே தண்ணீர் கசியும். இறுகுவதைத் தாமதப்படுத்த மருந்து சேர்த்திருந்தால் அழுத்தம் நெடுநேரம் குறையாது, வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

‘லிஃப்ட் வால்’ வேறு சமாசாரம், அது மின்தூக்கிக் குழியைச் சுற்றி எழும் சுவர். “லிஃப்ட் வால், ரெண்டாவது லிஃப்ட்” என்று ஒரே வரியில் வரும், பயப்படாதீர்கள்.

ஏசி டக்ட் வேலை:
எங்களுக்கு சிசர் லிஃப்ட், கத்தரி மாதிரி விரிந்து ஆளை மேலே ஏற்றும் மேடை மெஷின். அதன் விவரத் தகட்டில் 230 கிலோ என்று இருந்தால் ஆள், டூல்ஸ், டக்ட் எல்லாம் சேர்த்து 230. உள்ளே மட்டும் என்று குறித்த மெஷினை வெளியே காற்றில் ஓட்டக் கூடாது. கம்பித் தடுப்பில் ஏறி நின்று எட்டாதீர்கள். நகர்த்தும் வழியில் குழிமூடி, பலகை மூடிய ஓட்டை இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள், கவிழ்வது பெரும்பாலும் அங்கே. 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்பிருந்தால் உயர வேலை பெர்மிட் தனி. கிரேனுக்கு எடுத்த பெர்மிட்டிலும் ‘லிஃப்ட்’ என்று இருக்கிறதே என்று அதைக் காட்டினால் செல்லாது.

ஈசூன் வாசி:
அருமை. செயின் பிளாக்கில் (கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் கப்பியில்) தூக்குவதும் லிஃப்ட்தானா?

துவாஸ் ரிக்கர்:
ஆமாம், கையால் இழுத்தாலும் தூக்குதான். ஸ்லிங், ஷாக்கிள் (ஸ்லிங்கை மாட்டும் இரும்பு வளையம்), செயின் பிளாக் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் சான்று வேண்டும். ஆள் ஏறும் ஹாய்ஸ்ட், மேன்கேஜ் (ஆளைத் தூக்கும் கூண்டு) என்றால் ஆறு மாதம். பாதுகாப்புச் சுமை அழிந்து படிக்க முடியாமல் போயிருந்தால், சாமான் புதுசாகத் தெரிந்தாலும் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.