'ஏக் ஹை தோ சேஃப் ஹை': யாருக்கு சேஃப்?

மும்பை தாராவியில 90 அடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கோம். 2024 மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல்ல மோடி சொன்ன இந்த வரி எங்க பார்த்தாலும் இருந்துச்சு. 'ஒண்ணா இருந்தா பத்திரம்'னு அர்த்தம். "ஒத்துமையா இருக்கச் சொல்றது நல்லதுதானே"ன்னார் எங்க அப்பா. எதிர்வீட்டு பாய்க்கு முகமே வாடிப்போச்சு. ஒரே வரி எப்படி ரெண்டு விதமாக் கேக்குது?

பதில் 1:
தம்பி, ஒண்ணா இருங்கம்பாங்க, யாருக்கு எதிராங்கிறத மட்டும் விட்டுடுவாங்க. அதே தேர்தல்ல உ.பி. முதல்வர் யோகி ஆதித்யநாத் 'படேங்கே தோ கடேங்கே' (பிரிஞ்சா வெட்டுப்படுவோம்)ன்னு பேசினதக் கேட்டவனுக்கு மிச்சம் தானாப் புரியும். மகாராஷ்டிராவுல இது எடுபடாதுன்னு பாஜக கூட்டணியில இருந்த அஜித் பவாரே சொன்னார். 60கள்ல சிவசேனா 'பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி' (ஊதல ஊது, லுங்கிய விரட்டு)ன்னப்போ ஒளிவுமறைவே இல்ல. லுங்கின்னா தென்னிந்தியர், நாமதான். தென்னிந்திய ஹோட்டல்கள அடிச்சு நொறுக்கினாங்க. இப்போ வர்ற நாசூக்கான வரிகள்தான் எனக்கு அதிக பயம்.

பதில் 2:
ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராகுல் காந்தி மும்பையில ஒரு இரும்புப் பெட்டியத் திறந்து தாராவி வரைபடத்த எடுத்துக் காட்டினாரே, தாராவிய அதானிக்குக் கொடுக்குறாங்கன்னு! 'சேஃப்'னா இங்கிலீஷ்ல இரும்புப் பெட்டியும்தானே. அவங்க வரியையே அவங்க மேல திருப்பிட்டார்.

நான் பாக்குறது தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தோட வீட்டு பேனர்களத்தான். 'எல்லாருக்கும் வீடு'ன்னா உள்ளுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. 1.1.2000க்கு முந்தின தரைத்தள வீட்டுக்காரங்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். மாடியில இருக்கிறவங்களுக்குத் தாராவிக்கு வெளியதான், அதுவும் காசு கட்டி.

கேட்டவர்:
எங்களது மாடி வீடுண்ணே. அப்பாகிட்ட இன்னிக்கே சொல்றேன்.