புதுப்பிப்பு: த்ரெட் கூட்டியும் நினைவக வேகம் ஏறாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: இரண்டு சாக்கெட் சர்வரில் (இரண்டு ப்ராசசர், ஒவ்வொன்றின் அருகிலும் அதற்கென்று நினைவகம்) நானே எழுதிய ட்ரையட் சோதனையை (ஒரு வரிசையை ஓர் எண்ணால் பெருக்கி, இன்னொன்றோடு கூட்டி, மூன்றாவதில் எழுதுவது) ஓட்டினால், எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலை இழை) சேர்த்தாலும் ஒரு சாக்கெட்டின் வேகத்தைத் தாண்டவே இல்லை, ஏன் என்று. காரணம் பிடிபட்டுவிட்டது.

மேலாக் (malloc, நினைவகம் கேட்டு வாங்கும் சி ஃபங்ஷன்) முகவரியை மட்டும்தான் ஒதுக்குகிறது. ஒரு நினைவகப் பக்கத்தில் (page) எந்தக் கோர் முதலில் எழுதுகிறதோ, அந்தக் கோர் இருக்கும் சாக்கெட்டின் நினைவகத்தில்தான் லினக்ஸ் அதற்கு இடம் தருகிறது. வரிசைகளில் முதலில் சுழியம் நிரப்பும் என் லூப் ஒரே த்ரெட்டில் ஓடியது. ஆக மூன்று வரிசைகளும் முதல் சாக்கெட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டன. நுமாஸ்டாட்டில் (numastat, எந்தச் சாக்கெட்டில் எவ்வளவு நினைவகம் என்று காட்டும் கருவி) பார்த்ததும் புரிந்தது: ஒரு பத்தி நிரம்பி வழிகிறது, மற்றது கிட்டத்தட்ட காலி!

அந்த லூப்பின் தலையிலும் ஓப்பன்எம்பி (OpenMP) பேரலல் வரியைப் போட்டேன், லூப்பைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதுதான்; கணக்கிடும் லூப்பில் இருக்கும் அதே ஸ்டாட்டிக் பங்கீட்டோடு, அதாவது எந்தத் த்ரெட் எழுதியதோ அதே த்ரெட் அந்தப் பகுதியைக் கணக்கிடும்படி. அப்புறம் த்ரெட்கள் இடம் மாறாதபடி கோர்களில் கட்டிப்போட்டேன். வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அவ்வளவு சந்தோஷம்.

காகிதக் கணக்கில் உச்ச வேகம் இது: டிடிஆர்4-3200 வகை நினைவகம் ஒரு சேனலுக்கு (ப்ராசசரோடு இணைக்கும் பாதை) நொடிக்கு 25.6 ஜிபி, சாக்கெட்டுக்கு 8 சேனல் என்றால் 204.8, இரண்டுக்கும் 409.6. அதை இன்னும் எட்டவில்லை, சரி. ட்ரையட் ஒரு சுற்றுக்கு 24 பைட் (8 பைட் எண்கள், இரண்டு படிப்பு, ஒரு எழுத்து) என்றுதான் கணக்கு வைக்கும். ஆனால் சாதாரணமாக எழுதும்போது, எழுதப்போகும் கேஷ் வரியையும் (ப்ராசசருக்குள் இருக்கும் சிறு வேக நினைவகத்தின் ஒரு துண்டு) முதலில் படித்து வருவதால் 32 பைட் ஓடுகிறது. அடுத்து, கேஷைத் தொடாமல் நேராக எழுதும் ஸ்டோர்களோடு அளக்கிறேன்.